ஜங்ஷனில் இறங்கிய அம்மா

அந்தக் குடும்பத்தில் அம்மாவுக்கு இரண்டு முகவரிகள். ரயில் பாதையின் வடக்குக் கோடியில் பெரியவள் வீடு. தெற்குக் கோடியில் சின்னவன் வீடு. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அங்கே பதினைந்து நாள், இங்கே பதினைந்து நாள். முறை மாறுகிற சனிக்கிழமை காலையில் ஒருவர் அம்மாவை நடுவில் இருக்கும் ஜங்ஷன் வரை கூட்டி வருவார். இன்னொருவர் அங்கே வந்து அழைத்துப் போவார். "நான் மாதமிருமுறைப் பத்திரிகை. சந்தாதாரர் ரெண்டே பேர்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு சந்தாதாரர்களும் போனில் முட்டிக்கொண்டார்கள். பெரியவள் துணி தேய்த்துக்கொண்டே பேசியதால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. சின்னவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டதாம், வீட்டில் ஆள் இருக்க மாட்டார்களாம். "ஒரு மூணு மாசம் அங்கேயே இருக்கட்டுமே அக்கா" என்றான். எனக்கு மட்டும் வேலை இல்லையா என்று இவள் கேட்டாள். பேச்சு முற்றி, யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாமல் போன் கட்டானது. பக்கத்து அறையில் அம்மா தூங்கவில்லை என்பது அப்புறம்தான் பெரியவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்று சனிக்கிழமை. முறை மாறுகிற நாள்.

காலையில் பெரியவள் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது அம்மா பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"நீ ஜங்ஷன் வரைக்கும் வர வேண்டாம். இங்க ரயில்ல ஏத்திவிடு, போதும். நான் போய்க்கறேன்."

"தனியாவா?"

"நடுவுல எங்கேயும் குதிச்சிட மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் பெரியவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தாள். அங்கே ரத்தம் எடுப்பது அவள் வேலை. சனிக்கிழமை கூட்டம் அதிகம், வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களுக்குக் கோபமும் அதிகம். நாலரைக்கே எழுந்து சமையலை முடித்துவிட்டு நிற்கிறவளுக்கு, யாராவது ஒரு வேலையைக் குறைத்தால் போதும் என்றிருந்தது. சரி என்றாள். சொன்னதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போகிற பஸ்ஸில் நிற்க மட்டும்தான் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஏழு நாற்பது ரயிலில், மூன்றாவது பெட்டியில், ஜன்னல் ஓரமாக அம்மாவை உட்கார வைத்துவிட்டு இறங்கினாள் பெரியவள். கதவு மூடிய பிறகு போனை எடுத்து, ஒரு வாரமாகப் பேசாத தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'ஏத்திட்டேன். 7.40. மூணாவது பெட்டி.' அதற்கு மேல் எழுத வரவில்லை.

அந்தச் செய்தி வந்தபோது சின்னவன் படுக்கையில் இருந்தான். சின்னவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். முந்தின நாள் இரண்டாவது ஷிப்ட், நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. வண்டியை டிப்போவில் விட்டு, சாவி ஒப்படைத்து, வீடு வந்து கண் மூடி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. செய்தியை இரண்டு முறை படித்தான். நேற்று அம்மா போன் செய்து, 'பன்னெண்டு மணிக்கு வந்தா போதும்ப்பா, நல்லா தூங்கிட்டு வா' என்றுதான் சொல்லியிருந்தாள். அம்மா நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடினான்.

பஸ் ஓட்டுகிறவன் பயணியாகப் போவதைப் போல ஒரு அவஸ்தை இல்லை. முன்னால் போகிற வண்டி வேகம் குறைத்தபோதெல்லாம் அவனுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பஸ்ஸிலிருந்து இறங்கி, ரயில் ஏறி, ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தபோது எட்டு நாற்பத்தைந்து.

எப்போதும் சந்திக்கிற நாலாம் பிளாட்பாரத்து பெஞ்சில் அம்மா இல்லை.

அடுத்த ரயில் வந்தது. கதவுகள் திறந்து கூட்டம் கொட்டியது. அம்மா இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தான். மணி போனது, எடுக்கவில்லை. பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நடந்தான். கழிப்பறை வாசலில் நின்று துப்புரவுப் பெண்ணிடம் விசாரித்தான். முட்டி வலிக்காரர், காக்கி நிறப் பை, கண்ணாடி போட்டிருப்பார் என்றான். அப்படிக் காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்தேன் என்றாள் அவள்.

ஒன்பதே காலுக்கு அக்காவுக்குப் போன் செய்தான்.

பெரியவள் அப்போது பன்னிரண்டாவது கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, மூலையில் நின்று போனை எடுத்தாள். முதல் ஒரு நிமிஷம் யாரும் அம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை. தனியாக எதற்கு அனுப்பினாய் என்றான் அவன். நீ நேரத்துக்கு வந்திருந்தால் தனியாக நின்றிருப்பாளா என்றாள் இவள். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னதே அம்மாதான் என்று அவன் சொன்ன பிறகுதான் இருவரும் சண்டையை விட்டார்கள். ஏழு நாற்பதுக்கு ஏறியவள் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்வானேன்?

"வரேன்" என்றாள் பெரியவள். மேற்பார்வையாளர் முகம் எப்படி மாறியது என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

அவள் ஜங்ஷனுக்கு வந்து சேரப் பத்தேகால் ஆனது. தம்பியைத் தூரத்திலிருந்து பார்த்தாள். சட்டையின் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை.

அம்மாவின் பயண பாஸ், பஸ் ஊழியரின் குடும்பத்துக்குக் கொடுக்கிற பாஸ்; ரயிலுக்கும் செல்லும், ஏறி இறங்குகிற நேரமெல்லாம் பதிவாகும். சின்னவனின் பணி எண்ணில்தான் பதிவாகியிருந்தது. அதனால் பாஸ் கவுன்ட்டர் பெண் அதிகம் யோசிக்காமல் கணினியைத் தட்டினாள்.

"எட்டு முப்பத்தி நாலுக்கு இந்த ஸ்டேஷன்லயே வெளிய போயிருக்காங்க சார். மேற்கு வாசல்."

"வெளியவா?" என்றாள் பெரியவள்.

"அப்புறம் எட்டு அம்பதுக்கு இருபத்தேழாம் நம்பர் பஸ். வழக்கமா போறதுதானே?"

"என்ன வழக்கம்?"

அந்தப் பெண் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். இரண்டு மாதத்தில் ஏழு முறை. செவ்வாய், வியாழன் என்று வேலை நாட்கள். பெரியவள் வீட்டில் இருந்தபோது நாலு, சின்னவன் வீட்டில் இருந்தபோது மூன்று. எல்லா நாளும் ஜங்ஷன், மேற்கு வாசல், இருபத்தேழு. எல்லா நாளும் மாலைக்குள் திரும்பியிருந்தாள். இரண்டு வீட்டிலும், எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பூட்டிக்கொண்டு கிளம்பி, எல்லாரும் வருவதற்கு முன் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அம்மா 'கால் வலிக்குது'ன்னு சொல்லும். நான் தைலம் தேச்சுவிடுவேன்" என்றாள் பெரியவள், யாரிடமோ சொல்வதுபோல.

இருபத்தேழு ஊரைச் சுற்றி வருகிற பஸ். கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் என்பதால் டிப்போவில் அதற்குச் 'செக்குமாடு' என்று பெயர். பத்தேமுக்காலுக்கு வந்த வண்டியின் கண்டக்டர் சின்னவனுக்குத் தெரிந்தவர்தான். அடையாளம் சொன்னதும் புரிந்துகொண்டார்.

"உங்கம்மாவா? படியில கால வைக்கறப்பவே 'இரு தம்பி, இரு தம்பி'ம்பாங்க. காலையில என் வண்டிதான். பழைய ஆஸ்பத்திரி பின்வாசல்ல இறங்கினாங்க. உக்காருங்க, வந்ததும் சொல்றேன்."

பழைய ஆஸ்பத்திரி. அம்மா இருபத்தெட்டு வருஷம் அங்கே தையல் பிரிவில் வேலை பார்த்தவள். கிழிந்த போர்வை, நாடா அறுந்த நோயாளி உடை, தலையணை உறை எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் அவள் போனதாக யாருக்கும் தெரியாது.

காணாமல் போகவில்லை, தெரிந்துதான் போயிருக்கிறாள் என்றானதும், இருவருக்கும் காலையிலிருந்து முறுக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. பயம் போன இடத்தில் கோபம் வரவில்லை. அசதி வந்து உட்கார்ந்தது. இருவர் உட்காரும் சீட்டில் பெரியவள் ஜன்னலோரமும் சின்னவன் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷமாகிறது என்று இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. வண்டி சிக்னலுக்குச் சிக்னல் நின்றது.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போகணும்? உடம்புக்கு ஏதாவது..." என்றாள் பெரியவள்.

"பின்வாசல்ல டாக்டர் யாரும் இல்ல அக்கா. அங்க சலவைக்கூடம்தான்."

"ஞாயித்துக்கிழமை நாம பேசினதைக் கேட்டிருக்கும். நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்."

 சின்னவன் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அவன் தலை முன் சீட்டுக் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. திட்டத்தான் நினைத்தாள். நாலு மணி நேரத் தூக்கம் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்டக்டர்தான் சொல்வாரே என்று ஜன்னலில் தலை வைத்தாள். வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள்.

நடுவில் டிப்போ வாசலில் வண்டி நின்றது. ஆள் மாறுகிற இடம். தெரிந்த கண்டக்டர் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். புதிதாக ஏறியவருக்குப் பின் சீட்டில் தூங்கும் இருவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

பழைய ஆஸ்பத்திரி பின்வாசல் நிறுத்தத்தில் ஆறு பேர் இறங்கினார்கள். ஒருவர் ஏறினார்.

"இரு தம்பி, இரு தம்பி" என்று சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்து ஏறினாள் அம்மா. பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்ன சின்னவன் ஜங்ஷனில் காத்திருப்பான் என்ற அவசரம் அவளுக்கு. வண்டி கிளம்பியது. இடம் தேடிப் பின்பக்கம் நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பெற்ற இரண்டும் ஒரு சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. சின்னவன் சரிந்து சரிந்து அக்காவின் தோளில் வந்து சேர்ந்திருந்தான். பெரியவளின் கை, அவன் விழாமல் இருக்கவோ என்னவோ, அவன் முழங்கையைப் பிடித்திருந்தது.

 பிடிபட்டுவிட்டோம் என்றுதான் அம்மாவுக்கு முதலில் தோன்றியது. எதிர்ச் சீட்டில் மெல்ல உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுப்பவில்லை.

பெரியவளின் காதோரம் நரை இறங்கியிருந்தது. வீட்டில் எப்போதும் அடுப்பைப் பார்த்தோ கடிகாரத்தைப் பார்த்தோ நிற்கிற முகம். இவ்வளவு நேரம் அசையாமல் இருந்து அம்மா அதைப் பார்த்ததே இல்லை. சின்னவனின் கண்ணுக்குக் கீழே கறுப்பு தட்டியிருந்தது. ஒரே கூரைக்குக் கீழே பதினைந்து பதினைந்து நாளாக இருந்தும், இவர்கள் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார்கள் என்று இந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. மூன்று நிறுத்தம் போனது. நாலாவதில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார்.

தூக்கத்திலேயே சின்னவனின் வலது கால் தரையை மிதித்தது. இருவரும் விழித்தார்கள்.

எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"போனை ஏம்மா எடுக்கல?" பெரியவளுக்கு முதலில் அதுதான் வந்தது.

"எடுத்தா எங்க இருக்கேன்னு கேப்பீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. அதான் எடுக்கல." மடியில் பையைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். உனக்கு ஒரு நேரம், அவனுக்கு ஒரு நேரம் சொன்னது அந்தத் தைரியத்துலதான். அது என் தப்பு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவளோடு தையல் பிரிவில் வேலை பார்த்த ஒருத்தி, அங்கே எல்லாருக்கும் 'பொத்தானக்கா', ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சந்தில் குடியிருக்கிறாள். தனி ஆள். மாடி ஏற வேண்டாத வீடு. ஓர் அறை காலியாக இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு தற்செயலாக ரயிலில் பார்த்துப் பேசியதில் தொடங்கியது. முதலில் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை நிறுத்தத்திலிருந்து நடக்க முடிகிறதா என்று பார்த்தாள். அதற்கடுத்த தடவை குளியலறை ஈரத்தில் கால் வழுக்குகிறதா என்று பார்த்தாள். மழை நாளில் ஒரு தடவை, தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே போனாள். பையனுக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். இன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒன்றாம் தேதியிலிருந்து அவள் அங்கே இருப்பாள்.

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வீட்டுல உனக்கு என்னம்மா குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல. அவன் வீட்டுலயும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை பேசினதுக்காகத்தானே?"

"கேட்டேன். கேட்காமலா இருப்பேன்? ஆனா அதுக்கு முன்னாடியே ஆறு தடவை போய் வந்தாச்சு. அதைப் போட்டு மனசை வருத்திக்காத."

"அப்புறம் ஏன்?"

அம்மா மடியில் இருந்த பையைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா என் துணி இந்தப் பையிலதான் இருக்கு. ரெண்டு வீட்டிலயும் அலமாரி கொடுத்தீங்க. வைக்கத் தோணல. வச்சா திரும்ப எடுக்கணும். தூக்கத்துல முழிச்சா எந்த வீட்டுல இருக்கேன், விளக்கு எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். கோவமில்லம்மா. அலுத்துப்போச்சு, அவ்வளவுதான். ஒரே இடத்துல இருக்கணும்."

 சின்னவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வண்டி ஜங்ஷன் வளைவில் திரும்பியது. இறங்குகிற கூட்டம் நடுவில் வந்து நின்றுகொண்டது.

சின்னவனுக்கு இரண்டு மணிக்கு டூட்டி. பெரியவள் மறுபடி பரிசோதனைக்கூடத்துக்குப் போயாக வேண்டும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்த முறை சின்னவன் வீட்டு முறை. மருமகளுக்கு இன்றைக்கு லீவு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள், நான் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றாள் அம்மா. இனி மறுப்பதற்கு யாருக்கும் முகமில்லை. இருவருமாகச் சேர்ந்து தெற்கே போகிற ரயிலில் அவளை ஏற்றினார்கள். ஒருவர் பையை வாங்கிக்கொள்ள, ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, அம்மா படியில் நின்று திரும்பினாள்.

"அங்க வந்தா ரெண்டு பேரும் ஒண்ணா வரணும். மாத்தி மாத்தி வர்ற வேலை வேண்டாம்."

ரயில் போனது. பிளாட்பாரம் கொஞ்சம் காலியானது. வடக்கே போகிற ரயிலுக்கு நாலு நிமிஷம் என்று பலகை காட்டியது. பெரியவள் தம்பியின் சட்டையைச் சுட்டிக்காட்டினாள். அவன் பொத்தான்களைக் கழற்றி முதலிலிருந்து சரியாகப் போட்டுக்கொண்டான்.

"பஸ்ஸுல ஏதோ சொல்ல வந்தியே?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மூணு மாசம் அங்கேயே இருக்கட்டும்னு சொன்னேனே, அது தட்டிக்கழிக்க இல்ல அக்கா. டிப்போ பக்கத்துல குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். எப்படியும் மூணு மாசம் ஆகும்னாங்க. கிடைச்சா அம்மாவை நிரந்தரமா கூட்டிட்டுப் போயிடலாம்னு. கிடைக்காம போனா என்ன பண்றதுன்னு சொல்லாம இருந்தேன்."

"சரி?"

"நேத்து ஆர்டர் வந்துடுச்சு. தரைத்தளம். மூணு ரூம். முப்பதாம் தேதிக்குள்ள சம்மதம் எழுதிக் கொடுக்கணும். அம்மா இருக்காங்கன்னு காட்டித்தான் மூணு ரூம் கொடுத்திருக்காங்க."

பெரியவள் அவனை நேராகப் பார்த்தாள். ஒரு வாரமாக மனசுக்குள் அவனைத் திட்டிய திட்டெல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது.

"இதை ஏன்டா அம்மாகிட்ட பஸ்ஸுலயே சொல்லல?"

"சொன்னா வந்துடுவாங்க" என்றான் சின்னவன். "நமக்காக பொத்தானக்கா வீட்டு ரூமை வேண்டாம்னுட்டு, பையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. அதான் சொல்லல."

வடக்கு ரயில் இரைச்சலோடு உள்ளே வந்தது. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றியது. கதவு மூடும்போது பெரியவள் திரும்பி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவனிடம் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

அம்மாவிடம் சொல்லு என்றாளா, சொல்லாதே என்றாளா?

ரயில் நகர்ந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தான் சின்னவன். மணி ஒன்றேகால். இப்போது ஓடினால்தான் இரண்டு மணி வண்டியை எடுக்க முடியும். எடுத்துவிட்டால் ஷிப்ட் முடிகிற வரை போனை அணைத்து வைக்க வேண்டும். தெற்கே, இந்நேரம் அம்மா இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருப்பாள்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் படிகளை நோக்கி நடந்தான்.